ஜாஸ் தெரிந்த ஆள்

ஸ்கந்தபுரத்தில் அரைக்கிற மில் வைத்திருக்கிற ஒருவனுக்கு ஜாஸ் எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. முதலில் கேட்டது என் மனிசி. அவளுக்கு இன்றுவரை நான் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. கோபம் வந்தால் எனக்கு விளக்கம் வராது. விளக்கம் வருகிற நேரத்தில் அவள் குசினிக்குப் போய்விடுவாள்.

உண்மையில் எல்லாம் இரைச்சலால் வந்தது. மில்லில் இரண்டு மெசின். ஒன்று மிளகாய், மல்லி அரைக்க, மற்றது அரிசிமாவுக்கு. இரண்டும் ஒன்றாக ஓடினால், பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். எனக்குக் காது குறைகிறது என்று டொக்டர் சொன்னதைக் கேள்விப்பட்ட மச்சான், வெளிநாட்டிலிருந்து வந்தபோது காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அதைப் போட்டுக்கொண்டு காலையில் பக்திப் பாட்டு, வெயில் ஏறினால் பழைய சினிமாப் பாட்டு என்று மரியாதையாகத்தான் தொடங்கினேன். ஆனால் இரண்டு கையும் மா. ஒரு பாட்டு முடிந்தால் போன் தனக்குப் பிடித்ததைப் போடும், நான் தொடமுடியாது. இப்படிப் பிடித்ததைப் போட்டுப் போட்டு, ஒருநாள் போன் எங்கேயோ வழிதவறிப்போய் ஒரு பியானோவில் நின்றது.

முதலில் யாரோ பிழையாக வாசிக்கிறான் என்று நினைத்தேன். பிறகு, பிழையாக வாசிக்கிறவன் இவ்வளவு நிம்மதியாக வாசிக்கமாட்டானே என்றும் நினைத்தேன். பின்னால் கரண்டிச் சத்தம், கோப்பைச் சத்தம், ஒரு பெண்ணின் சிரிப்பு. ஏதோ சாப்பாட்டுக்கடையில் இருந்து வாசித்திருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. அவரும் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சாப்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல் வராமல் ஒரு மூலையில் இருந்து, தனக்குத்தானே ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெசினை நிற்பாட்டாமல் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு ஒரு வீட்டின் புட்டுமா மிளகாய் மெசினுக்குள் போனது. பின்னேரம் அந்த வீட்டு அம்மா ஒரு தட்டில் சிவப்புப் புட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, தின்று பார் என்றா. தின்றேன். கறி இல்லாமலே இறங்கியது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை.

அந்தப் பியானோக்காரரைப்பற்றிக் கீழே நாலு வரி இங்கிலீசில் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீசு உரப்பையில் இருக்கிறதை வாசிக்கிற அளவுக்குத்தான் வரும். போனையே தமிழாக்கச் சொன்னேன். 'அவர் ஒவ்வோர் இரவும் தந்தங்களுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினார்' என்று அது எழுதிக் காட்டியது. வயலுக்குள் யானை இறங்கினால் வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓடுகிற சனம் நாங்கள். இந்த மனிதர் தந்தத்துக்குக் கிட்டவே போயிருக்கிறார் என்றால் சும்மா ஆளில்லை என்று நினைத்தேன். அந்தக் காலத்துப் பியானோக் கட்டைகள் தந்தத்தில் செய்தவை என்பது பிறகுதான் பிடிபட்டது. அதற்குள் மில்லுக்கு வந்த இரண்டு மூன்று பேருக்கு நான் யானைக்கதையைச் சொல்லி முடித்திருந்தேன். ஒருவர் அந்த மனிதரின் விலாசம் கேட்டார். அவருடைய வயலுக்கு அப்போது யானை வந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு நான் தேடத் தொடங்கினேன். பெரிய பெயர் எடுத்தவர்களிடம் போகவில்லை. அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டு உடுப்புத் தோய்க்கிற லோண்டரியில் வேலைக்குப் போன பெண், பெரிய பாடகிக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் மேடையேறியவள், கலியாண வீடுகளில் வாசித்தே காலம் போன ஒரு குட்டைவிரல்காரர் என்று கவனிக்க ஆளில்லாமல் போனவர்களையே போன் எனக்குக் கொண்டுவந்து தந்தது. அதற்கும் என் குணம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அவர்களில் லோண்டரிக்காரிதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். பாடவேண்டிய இடம் வரும், பாடமாட்டாள். பஸ் வெளிக்கிட்டுவிட்டது, இவள் இன்னும் வாசலில் நின்று செருப்பு மாட்டுகிறாள் என்று எனக்கு நெஞ்சு பதறும். பதறி முடிந்து பார்த்தால் ஜன்னல் பக்கத்து சீற்றில் இருப்பாள். ஒவ்வொரு வரியிலும் இதே வேலை. அவளுடைய பாட்டை உலகம் முழுவதிலும் முந்நூறு சொச்சம் பேர்தான் கேட்டிருந்தார்கள். அதில் அரைவாசி நான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எத்தனை கோடி சனம் இருக்கிறது, காது கிடையாதா என்று மில்லில் நின்று ஏசினேன். மல்லி அரைக்க வந்தவர்கள் தங்களைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்துச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

கோபத்தைவிட எனக்குப் பெரிய கரைச்சல் வேறொன்று. சேர்ந்திருந்து கேட்க ஒரு ஆள் இல்லை. நல்ல இடம் ஒன்று வந்தால் பக்கத்தில் இருப்பவரின் தொடையில் தட்டி, கேட்டியா என்று சொல்லவேண்டும். தன் தொடையில் தானே தட்டிக்கொள்கிறவனைப் பார்த்தால் சனம் வேறு மாதிரிக் கதைக்கும். மனிசியை இருத்திப் பியானோவைப் போட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"எப்ப தொடங்குவினம்?" என்றாள்.

"தொடங்கி முடியப் போகுதப்பா."

"நான் நினைச்சன் இன்னும் சரிபாக்கினம் எண்டு."

அத்தோடு எழும்பிப் போய்விட்டாள். சரி, வீட்டில் இல்லாவிட்டால் வெளியில் தேடுவோம் என்று பூவரசங்குளத்தில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருந்துகொண்டு, இந்தப் பக்கத்தில் ஜாஸ் தெரிந்த ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சோற்றைக் குழைக்கிறதை நிற்பாட்டி, ஏன் இல்லாமல், என்றார். முன்னால் இருந்தவர் தன்னுடைய சித்தப்பாவே ஜாஸ்தான் என்றார். பாயசம் வருவதற்குள் வவுனியாவில் மூன்று பேர், கிளிநொச்சியில் இரண்டு பேர் என்று சேர்ந்துவிட்டார்கள். எல்லாரிலும் வலு கெட்டிக்காரன் ஓமந்தையில் இருக்கிறார், வயது போனாலும் கை இன்னும் விழவில்லை என்று சபை ஒரு முடிவுக்கு வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வன்னிக்குள் இவ்வளவு ஜாஸ் இருந்தும் இவ்வளவு காலமாக நான் தனியே இருந்து கேட்டிருக்கிறேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கவேண்டும். எங்கள் ஊர்களில் ஜாஸ் என்றால் பாட்டில்லை. பாட்டுக்கோஷ்டியில் பின்னுக்கு இருக்கிற அந்தப் பெரிய மேளங்களும் தட்டுகளும் சேர்ந்த செற்றுக்குத்தான் ஜாஸ் என்று பெயர். கோயில் திருவிழாவுக்குக் கோஷ்டி வந்தால் சின்ன வயதில் நானும் முன்வரிசையில் போய் இருந்து, ஜாஸ் அடிக்கிறவரின் கையைத்தான் பார்ப்பேன். அப்படியிருந்தும் அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. போன் சொல்லித்தந்த ஜாஸ் வந்ததும் ஊர் சொல்லித்தந்த ஜாஸ் ஓடிவிட்டது.

ஓமந்தைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் ஜாஸ் எண்டு சொல்லிச்சினம்."

"ஓம் தம்பி. சின்னனிலை இருந்து உதுதான்."

"பழசோ, புதுசோ?"

"பழசுதான். புதுசு எனக்குச் சரிவராது. உள்ளுக்கை எல்லாம் அதே பழசு, தோல் மட்டும்தான் மாத்தியிருக்கு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளுக்குள் அதே பழசு, தோல் மட்டும்தான் மாறியிருக்கிறது! இத்தனை மாதமாக நான் கேட்டுக் கேட்டும் சொல்லத் தெரியாமல் இருந்ததை இந்த மனிதர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ. மத்தியானச் சாப்பாடு இஞ்சை. இருந்து ஆறுதலாக் கேப்பம்."

"எத்தினை பேருக்கு?"

"நானும் நீங்களும்தான்."



"ரெண்டு பேருக்கு ஏன் தம்பி இவ்வளவு செலவு?" என்றார். நான் அவர் சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு கோழிதானே அண்ணை, என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மருமகனின் சின்ன லொறியில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், நன்றாக மினுக்கிய சேட்டு. பின்னால் பெரிய மேளம், சின்ன மேளங்கள், தட்டுகள், ஒரு முக்காலி. நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் மில் முற்றத்தில் எல்லாவற்றையும் பொருத்தி அடிக்கத் தொடங்கிவிட்டார். தோல் புதிசாகத்தான் இருந்தது. சத்தம் கேட்டு ஒழுங்கையில் இருந்த சனம் முழுக்க வந்துவிட்டது. எந்தப் பிள்ளை பெரியபிள்ளையானது, யாருக்குச் சாமத்தியவீடு என்று மனிசியிடம் கேட்டார்கள். எங்களுக்கு இருப்பது இரண்டும் பொடியன்கள். ஒருவர் கையில் தாளில் சுற்றிய பரிசுப்பொருளோடு வந்து, திரும்பக் கொண்டுபோக வெட்கப்பட்டு அதை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சுவர் மணிக்கூடு. இன்றைக்கும் ஓடுகிறது.

அடித்து முடித்து, கோழிக்கறியும் சாப்பிட்டபிறகு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று என் சாப்பாட்டுக்கடைப் பியானோக்காரரைப் போட்டுக் காட்டினேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"நல்லாத்தான் கிடக்கு," என்றார். "ஆனால் இதிலை ஜாஸ் இல்லை."

"அண்ணை, இதுதான் ஜாஸ்!"

"தம்பி, சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. எங்கையாவது ஒரு அடி கேக்குதோ?"

"பியானோதானே அண்ணை வாசிக்கிறார்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். ஜாஸ் அடிக்கிறவர் அண்டைக்கு வரேல்லைப் போல."

மனிசி கோப்பை கழுவிக்கொண்டு, அவர் சொல்லுறது சரிதானே என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இவர்களோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று, வாயை அடைப்பதற்காகவே லோண்டரிக்காரியைப் போட்டேன். இரண்டு வரி போயிருக்கும். அண்ணை நிமிர்ந்து இருந்தார். மூன்றாவது வரியில் அவருடைய கை தானாக மேசையில் தட்டி, தட்டினபடியே நின்றுவிட்டது.

"இப்பிடிப் பிந்திப் பாடுற ஒராளை எனக்குத் தெரியும்," என்றார்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முந்திய காலத்தில் அவர் கொழும்பில் கொஞ்ச நாள் வேலை தேடித் திரிந்திருக்கிறார். கடற்கரைப் பக்கத்து ஹொட்டல் ஒன்றில், வழமையாக அடிக்கிறவர் வராததால் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வயதான பறங்கிக்காரர் பியானோ. பாடினது ஒரு முல்லைத்தீவுப் பெட்டை. இங்கிலீசுப் பாட்டு.

"தாளம் தெரியாத பிள்ளை எண்டு நினைச்சன் தம்பி. பாவம், பிந்துது எண்டு நான் கொஞ்சம் நிண்டு அடிக்க, அது இன்னும் நிக்கும். சரி, நான் முந்துவம் எண்டு ஓட, அது தன்ரை பாட்டுக்கு வரும். ரெண்டாம் நாளே அந்தப் பறங்கியர் என்னைப் போகச் சொல்லிப்போட்டார். அந்தப் பிள்ளையாலைதான் எனக்கு வேலை போனது."

பிறகு ஒரே ஒருமுறை அவவைக் கண்டாராம். சண்டை முடிந்து எல்லாரும் முகாமில் இருந்தபோது, தண்ணீர் வரிசையில். இவருக்கு அடையாளம் தெரிந்தது. அவ தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டா. இப்போது முல்லைத்தீவில் தன் ஊரில்தான் இருக்கிறா. செபமாலை சொல்லுவதில் முன்னுக்கு நிற்பவ அவதான். பங்குச்சாமியே அவவிடம் கொஞ்சம் பார்த்துத்தான் கதைப்பார்.

"கொழும்பிலை கந்தோரிலை ரைப் அடிச்சனான் எண்டுதான் ஊரிலை சொல்லி வைச்சிருக்கிறாவாம். குடிக்கிற இடத்திலை பாடினவா எண்டு தெரிஞ்சால் அவவின்ரை பேர் என்னாகும்? விடுங்கோ தம்பி."

விடுவதா? கடல் கடந்து எங்கேயோ செத்துப்போன ஒருத்திக்காக நான் இவ்வளவு நாளும் அந்தரப்பட்டிருக்கிறேன். பிந்திப் பாடுகிற ஒருத்தி உயிரோடு, பரந்தனால் திரும்பினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறா. அவவின் பாட்டை ஒரு தரம் கேட்கவேண்டும், போனில் பதியவேண்டும், உலகத்துக்குப் போட்டுக் காட்டவேண்டும். நான் லோண்டரிக்காரியைக் கண்டுபிடித்த மாதிரி யாரோ ஒரு மில்காரன் இவவைக் கண்டுபிடிக்கட்டும். எனக்கு அதைவிட வேறு எண்ணமே இல்லை. அண்ணையைக் கெஞ்சி, அடுத்த கிழமை கிளிநொச்சிவரை பஸ்ஸில் வரச்சொல்லி, அங்கிருந்து என் மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் என் முதுகில் விரலால் அடித்துக்கொண்டு வந்தார். பயத்தில் அடிக்கிறார் என்று புதுக்குடியிருப்பு தாண்டினபிறகுதான் விளங்கியது.

அவவின் வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டுக்கார அக்கா விறாந்தையில் இருந்து மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்தா. எழுபது வயது மதிக்கலாம். நேரான முதுகு, கழுத்தில் செபமாலை. அண்ணையைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பவும் மீனில் போனது. நான் இரண்டு வாக்கியம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதைச் சொல்ல முதல் பக்கத்து வளவுக்காரி வேலிப்பொட்டால் நுழைந்து வந்து, ஆர் அக்கா வந்திருக்கினம் என்று கேட்டுக்கொண்டு படியில் இருந்துவிட்டா. அக்காவுக்கு அடுத்ததாகச் செபமாலை சொல்லுகிறவ அவதானாம். அக்கா எப்போது தடுக்கிவிழுவா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் என்பது பார்த்த உடனேயே தெரிந்தது.

எனக்குப் புத்தி அங்கேயாவது வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"அக்கா, நீங்கள் கொழும்பிலை இருக்கேக்கை ஜாஸ்..." என்று தொடங்கினேன். அண்ணை என் காலை மிதித்தார். பிந்திவிட்டது.

"ஜாஸோ!" பக்கத்து வளவுக்காரி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தா. "ரைப் அடிச்சனான் எண்டல்லோ அக்கா சொன்னனீங்கள்? ஜாஸும் அடிச்சனீங்களோ?"

அக்கா என்னைப் பார்த்தா. கடலில் நிற்கிற புருசன்மாரையே கரைக்குக் கூப்பிடக்கூடிய பார்வை. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், வாயைத் திறந்தா.

"ஓம். கந்தோரிலை பாண்ட் ஒண்டு இருந்தது. பின்னேரத்திலை ஜாஸ் அடிச்சனான்."

எங்கள் ஊர் ஜாஸ் அன்றைக்கு ஒரு மனிசியின் மானத்தைக் காப்பாற்றியது. நான் அதுவரை அந்தச் சொல்லோடு கோபமாக இருந்தவன். அந்த நிமிடமே சமாதானமாகிவிட்டேன்.

ஆனால் பக்கத்து வளவுக்காரி விடுகிற ஆள் இல்லை. பொம்பிளை ஒருத்தி ஜாஸ் அடித்ததைத் தான் பிறந்ததற்குக் காணவில்லை என்றும், ஒருக்கால் அடித்துக் காட்டவேண்டும் என்றும் நின்றா. மீன் வைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றைத் தானே கவிழ்த்து அக்காவுக்கு முன்னால் வைத்தா. அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தா. அண்ணையைப் பார்த்தா.

"எனக்கு இப்ப கை ஏலாது. இவரும் எங்கடை கந்தோர்தான். இவர் அடிக்கட்டும். நான் மாதா பாட்டு ஒண்டு பாடுறன்."

கந்தோரில் வேலை கிடைத்த அதிர்ச்சியில் அண்ணை பெட்டியை மடியில் எடுத்துக்கொண்டார். நான் சட்டைப்பைக்குள்ளிருந்து போனை மெதுவாக எடுத்தேன். அக்கா என் கையைப் பார்த்து, அதை உள்ளுக்கை வையுங்கோ, என்றா. வைத்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

கத்தோலிக்க ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாதா பாட்டு. சைவக்காரனான எனக்கே தெரியும். அண்ணை விரலால் பெட்டியில் தட்டிக்கொண்டு போக, பாட்டு தொடங்கவேண்டிய இடம் வந்தது. அக்கா பாடவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தா. பக்கத்து வளவுக்காரிக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்கு வரி மறந்துபோச்சு என்று நினைத்து, முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தா. அவ கொடுத்து முடிய, அந்த இடைவெளிக்குள் அக்கா வந்து இறங்கினா. பெரிய குரல் இல்லை. கொஞ்சம் உடைந்த குரல். ஆனால் வந்த இடம்! அடுத்த வரியிலும் பக்கத்து வளவுக்காரி அந்தரப்பட்டு எடுத்துக் கொடுத்தா. அக்கா அவவையும் போகவிட்டு, பிறகு ஆறுதலாக வந்தா. பாட்டு முழுக்க இப்படியே போனது. ஒருத்தி முன்னால் ஓடி ஓடிக் கதவு திறக்க, மற்றவ நடந்து வந்தா. அண்ணை முந்தவும் இல்லை, நின்று பார்க்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் அடியைத் தான் அடித்தார். முகம் வேர்த்துவிட்டது.

"அக்காவுக்கு வயசு போட்டுது," என்றா பக்கத்து வளவுக்காரி, சந்தோஷம் தாங்கமுடியாமல். "ஒவ்வொரு வரியும் நான்தான் எடுத்துக் குடுக்கவேண்டிக் கிடக்கு." அந்த நேரம் கரையில் வலை வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, செய்தியையும் கொண்டு சட்டியையும் கொண்டு ஓடினா.

அவ போய் மறையும்வரை அக்கா காத்திருந்தா. பிறகு அண்ணையிடம், "அண்டைக்கும் இப்பிடி அடிச்சிருந்தால் வேலை போயிருக்காது," என்றா. "நான் பிந்தினதில்லை. நீர்தான் ஓடினனீர்." அண்ணை, ஓம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இன்னும் ஒருக்கா பாடுங்கோ. இப்ப ஒருத்தரும் இல்லை. நான் பதிஞ்சு போடுறன். உலகம் முழுக்கக் கேக்கும்."

"ஏன் கேக்கவேணும்?"

"உங்களை எல்லாரும் மறந்துபோச்சினம் அக்கா. உங்களை மாதிரி ஆக்கள் துலைஞ்சு போகக்கூடாது. ஆராவது தேடிக் கண்டுபிடிக்கவேணும்."

"நான் துலையேல்லைத் தம்பி," என்றா அக்கா. குரலில் கோபம் இல்லை. "நான் இந்த வளவுக்கைதான் இருக்கிறன். துலைஞ்ச ஆக்களைத் தேடுறதெண்டால் உங்கை பாருங்கோ."

அறைவாசலுக்கு மேலே அக்காவின் சாயலில் ஒரு பொடியனின் படம். பள்ளிக்கூடச் சட்டை, வழித்து இழுத்த தலை. மாலை இல்லை. எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள். மாலை போடாமல் தூசு துடைத்து வைத்திருக்கிற படம் என்றால், வீட்டுக்காரர் இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டைக்குப் பிறகு அந்த வீதியில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கும். நானும் இந்த மண்ணில் இருக்கிறவன்தான், எனக்குத் தெரியாததில்லை. யாரும் கவனிக்காமல் போன ஒரு பாட்டுக்காரிக்காக மில்லில் நின்று உலகத்தை ஏசின எனக்கு, அந்தப் படத்துக்குக் கீழே இருக்க வெட்கமாக இருந்தது. வாறம் அக்கா, என்று எழும்பினேன். அண்ணையும் பெட்டியை இறக்கிவைத்தார்.

"எங்கை எழும்புறியள்?" என்றா அக்கா. "பதியவேண்டாம் எண்டுதானே சொன்னனான். உந்தப் போனுக்கை என்ன வைச்சிருக்கிறியள்? போடுங்கோ பாப்பம்."

லோண்டரிக்காரியைப் போட்டேன். அக்கா மீன் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கேட்டா. முதல் வரிக்கான இடம் வந்தது. அவள் பாடவில்லை. அக்காவின் மூச்சும் நின்றது. எவ்வளவு தூரம் போகிறாள் பார் என்கிற மாதிரி ஒரு புருவம் மட்டும் மேலே போனது. அவள் வந்து இறங்கினாள். அக்கா என் தொடையில் பட்டென்று ஒரு அடி போட்டா.

"கள்ளி!" என்றா.

எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. "அக்கா, இவா ஒரே ஒரு இசைத்தட்டுத்தான் போட்டவா, அதுக்குப் பிறகு லோண்டரியிலை..."

"கதை பிறகு தம்பி. முதலிலை இருந்து போடுங்கோ."

முதலில் இருந்து போட்டேன். மூன்று பேரும் போனுக்குக் கிட்டத் தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்தோம். முற்றத்தில் காகம் ஒன்று இறங்கி, கருவாட்டில் நல்ல பெரிய துண்டாகப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் எழும்பவில்லை.